தெற்கு முற்றத்து டீப்பூ

என்னிடம் இருக்கும் துண்டுத்தாளில் தேதி 7-1-1975. ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த மூன்று வாக்கியங்கள். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "தெற்கு முற்றத்து மணல் ஆடிக் காற்றுக்கு முன் நின்றாக வேண்டும். நிற்காவிட்டால் முற்றம் முழுக்க சிமென்ட் போடப்படும். சிமென்ட்டுக்குத் தோட்டப் பிரிவு தேவைப்படாது." கீழே ஒர்க்ஸ் மானேஜரின் கையெழுத்து. தாள் என் பெயருக்கு வந்தது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இப்போது தோட்ட வேலை பார்க்கும் இரண்டு இளைஞர்கள் போன மாதம் என்னைத் தேடித் திருவள்ளூருக்கு வந்தார்கள். சொட்டு நீர்க் குழாய் போட்டும் ஒரு மேட்டில் செடி நிற்கவில்லையாம். "நீங்க அந்தக் காலத்துல தண்ணியே இல்லாம பூ வளர்த்தீங்களாமே, எப்படி சார்?" என்று கேட்டார்கள். வாயால் சொன்னதில் பாதி அவர்களுக்கு மறந்திருக்கும். எழுதி வைப்பதுதான் சரி.

என்னைப் பற்றிச் சுருக்கமாக. எங்கள் குடும்பம் திருவள்ளூரில் கோயில் நந்தவனத்தைப் பார்த்துக்கொண்ட குடும்பம். 1962-இல் பள்ளி இறுதி முடித்தேன். பிறகு தோட்டக்கலைப் பயிற்சி. அதன் பின் சில ஆண்டுகள் ஓர் அரசு நாற்றுப் பண்ணையில் ரோஜாவுக்கு ஒட்டுக் கட்டினேன். 1972 கடைசியில் கும்மிடிப்பூண்டியில் மோட்டார் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தோட்ட மேற்பார்வையாளர் வேலை கிடைத்தது. கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் மோட்டார்கள். ஊருக்கெல்லாம் தண்ணீர் இறைத்த அந்தத் தொழிற்சாலைக்குக் குடிதண்ணீர் லாரியில் வந்தது. எங்கள் போர்வெல் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு.

தொழிற்பேட்டையே அப்போது புதிது. சவுக்கும் பனையும் நின்ற நிலத்தைச் சமப்படுத்திக் கட்டடம் எழுப்பியிருந்தார்கள். வேர்கள் போனதும் மணலைப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. எங்கள் தெற்கு முற்றத்தை ஒட்டி நின்ற கொட்டகையில்தான் மோட்டார்களுக்கு பேரிங் பொருத்துவார்கள். வெக்கை தாங்காமல் ஜன்னல்களைத் திறந்துதான் வைக்க வேண்டும். ஆடியில் காற்று எழுந்தால் மணல் உள்ளே வரும். பேரிங்கில் தடவிய கிரீஸில் மணல் ஒட்டினால் அந்த மோட்டார் விவசாயியின் கிணற்றில் போய்க் கத்தத் தொடங்கும், பிறகு நின்றுவிடும். 1974 ஆடியில் பொருத்திய மோட்டார்கள் பல திரும்பி வந்தன.

இங்கே ஒர்க்ஸ் மானேஜர் தண்டபாணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் யாரையும் அதட்டியதில்லை. துப்புரவுத் தொழிலாளியைக்கூட 'நீங்க' என்றுதான் அழைப்பார். அவரிடம் எப்போதும் சலவை செய்த வெள்ளைக் கைக்குட்டை ஒன்று இருக்கும். ஒரு பகுதிக்குள் நுழைந்ததும் அதை எடுப்பார். ஜன்னல் கட்டையிலோ எந்திரத்தின் மேலோ ஒரே இழுப்பாக இழுப்பார். அழுக்குப் பட்ட பக்கத்தை அந்தப் பகுதிக்குப் பொறுப்பானவர் முன்னால் நீட்டிப் பிடிப்பார். பேச மாட்டார். நாம் பார்த்தோம் என்று தெரியும்வரை நீட்டிக்கொண்டே இருப்பார். திட்டு வாங்குவது எவ்வளவோ மேல் என்று ஃபோர்மேன்கள் சொல்வார்கள். ஜனவரியில் அவர் அந்தக் கைக்குட்டையை முதல் முறையாக என் முன்னால் நீட்டினார். மறுநாள் அந்தத் துண்டுத்தாள் வந்தது.

எனக்குக் கீழே தினக்கூலிக்கு மூன்று பேர். மூத்தவர் முனியம்மா, ரயில் கேட் அருகே குடிசை, கணவர் இல்லை, ஒரு மகள். அடுத்து ரங்கம்மா, ஆரம்பாக்கத்துப் பக்கம், பாதி தெலுங்கு பேசுவார். மூன்றாவது ஏழுமலை. நான் நாற்றுப் பண்ணைக்கே திரும்பிப் போகலாம். சிமென்ட் போட்டால் அவர்கள் மூவருக்கும் மறுநாள் வேலை இல்லை. தாளில் இருந்ததைப் படித்துச் சொன்னேன். முனியம்மா முந்தானையை இடுப்பில் செருகினார்.

"சிமென்ட்டு பூ பூக்குமா சார்?"

"பூக்காது."

"அப்ப நாம பூக்க வெச்சிடலாம், வுடுங்க" என்றார். எதை வைத்து என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. ஏற்கெனவே போட்ட புல்தரை உப்புத் தண்ணீரில் கருகிப் போயிருந்தது.

விடை தற்செயலாகக் கிடைத்தது. ஒரு வழி தெரியும்வரை மணலைத் தடுத்து வைக்க ஓலைத் தட்டி வாங்கலாம் என்று, பொங்கல் கழிந்த ஞாயிறன்று பொன்னேரி போய்ப் பழவேற்காடு பஸ் பிடித்தேன். அங்கே கயிறும் வலையும் விற்கும் காசிம் மரைக்காயரின் வீட்டு முன்வெளி முழுக்க மணல். கடற்காற்று ஓயாமல் அடிக்கிற இடம். அந்த மணல் ஒரு துளிகூட எழவில்லை. ஊசி ஊசியாகத் தடித்த இலையும், சட்டைப் பொத்தான் அளவுக்கு அடர்ந்த ரோஜா நிறப் பூவுமாக ஒரு செடி ஜமுக்காளம் விரித்தாற்போலப் படர்ந்து கிடந்தது.

"இது என்ன பூங்க?"

"அதுவா? பத்துமணிப்பூல சின்ன ஜாதி. வேற பேர் தெரியாது தம்பி."

"எப்படி வளர்க்கறீங்க?"

அவர் சிரிப்பதற்குள் உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: "வளர்க்கறாரா? அவர் ஒரு செம்புத் தண்ணி ஊத்தி நான் பாத்ததில்ல."

"அதனாலதான் உசிரோட கீது" என்றார் மரைக்காயர். "எவ்ளோ வேணும்னாலும் அள்ளிக்கினு போங்க. வாசப்படி ஓரம் மட்டும் கை வெக்காதீங்க, ஊட்டம்மா என்னை வெளிய தள்ளிடும்."

தட்டிகளோடு இரண்டு கோணிப்பையில் செடியும் வந்தது. ஒரு பிடியைத் திருவள்ளூருக்கு எடுத்துப் போய் அப்பாவிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சாமிக்கும் ஆகாது, தலைக்கும் ஆகாது. இதைப் போய் யாராவது வளர்ப்பாளோ?" என்றார். நந்தவனத்துக்காரர் கேள்வி நியாயமானதுதான். ஆனால் தரைக்கு ஆகிற பூ என்று ஒரு வகை உண்டு. மண் அரிப்பைப் பற்றித் திருவள்ளூர் நூலகத்தில் அந்த நாட்களில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். மணலைத் தடுப்பது உயரமான செடி அல்ல, தரையோடு ஒட்டிய செடி என்பதில் எல்லாப் புத்தகங்களும் ஒத்துப்போயின.

நட்ட முறையை விவரமாகவே எழுதுகிறேன். இளைஞர்கள் கேட்டது இதைத்தான்.

முதலில் கருகிய புல்லைச் செதுக்கி எடுத்தோம். எரு போடவில்லை. முனியம்மா சாணக் குப்பை கொண்டுவரக் கூடையோடு கிளம்பிவிட்டார். எரு போட்டால் இந்தச் செடி கொழுக்கும். கொழுத்தால் தண்டு நீர் கோத்துக்கொண்டு அழுகும் என்று சொல்லித் தடுத்தேன். அதற்குப் பதில் கட்டட வேலையில் மிஞ்சிய செங்கல் சில்லுகளை உடைத்து மணலோடு கலந்தோம். பாத்திகளை ஆமை முதுகுபோல நடுவில் உயர்த்தினோம். மழை பெய்தால் நீர் நிற்காமல் வழிய வேண்டும். பிறகு தண்டுகளை விரல் நீளத்துக்குக் கிள்ளி, கோணி விரித்து, நிழலில் ஒரு நாள் வாடப் போட்டோம். கிள்ளிய வாய் காய்ந்து மூடினால்தான் மண்ணுக்குள் அழுகாது. அதைப் பார்க்கக் கேன்டீன் ஆட்களெல்லாம் வந்துவிட்டார்கள். "செடிய வாட வெச்சி நட்ற ஆளை இப்பதான்டா பாக்கறேன்" என்று ஒருவர் சொல்ல, ரங்கம்மா திரும்பி, "நீ வாட வெச்ச இட்லிய நாங்க துன்றோமே, அது இன்னா கணக்கு நைனா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

வரிசைகளைக் காற்றுக்குக் குறுக்காகப் போட்டோம். ஆடிக் காற்று எங்களுக்குத் தென்மேற்கிலிருந்து வரும். ஒரு வரிசையின் இடைவெளிக்கு நேர் பின்னால் அடுத்த வரிசையின் செடி. வரிசைகளுக்கு நடுவே ஒரு சாண் உயரத்துக்கு மட்டும் ஓலைத் தட்டி. வேர் பிடிக்கும்வரை மணல் நகராமல் இருக்க அது போதும். நட்ட அன்று ஒரு தண்ணீர். பிறகு மாசி முடியும்வரை வாரம் ஒரு முறை பூவாளியால் தெளிப்பு. அதற்குப் பின் நிறுத்தம். தண்ணீர் மேலேயே கிடைத்தால் வேர் மேலேயே இருந்துவிடும். கிடைக்காவிட்டால் கீழே தேடிப் போகும். துளிர் வந்ததும் நுனியைக் கிள்ள வேண்டும். அப்போதுதான் பக்கவாட்டில் பிரியும். கிள்ளிய நுனிகளை முனியம்மா மடியில் கட்டிக்கொண்டு நடப்பார். எங்கே மணல் தெரிகிறதோ அங்கே குனிந்து ஒன்றைச் செருகுவார். முற்றத்தின் பாதி அவர் மடியிலிருந்து வந்ததுதான்.

முதல் பூ மார்ச் தொடக்கத்தில் மலர்ந்தது. மூன்றாம் தேதி என்று என் குறிப்பு. இரண்டாம் தேதியே பார்த்தேன் என்று ஏழுமலை கடைசிவரை சாதித்தார். வெயில் ஏறினால்தான் அது விரியும். ஏறக்குறையப் பத்து மணிக்குக் கேன்டீன் டீ வரும் நேரம். டீ வாளி கொட்டகைக்குள் நுழையவும் முற்றம் ரோஜா நிறமாகவும் சரியாக இருக்கும். தொழிலாளிகள் அதற்கு 'டீப்பூ' என்று பெயர் வைத்தார்கள். பத்துமணிப்பூ என்ற பெயரை அதற்குப் பிறகு அங்கே யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அந்த மார்ச்சிலேயே சிக்கல் வந்தது. பேரிங் கொட்டகையிலிருந்து டைம் ஆபீசுக்குப் போகும் நடைபாதையின் ஓரம் செடிகள் கறுத்தன. தூக்கிப் பார்த்தால் தண்டு அடியில் நனைந்த நூல்போல அறுந்து வந்தது. நாளுக்கு நாள் திட்டுத் திட்டாகப் பரவியது. எந்திரத்துக் குளிர்விப்பு எண்ணெயைக் கொட்டுகிறார்களோ என்று மோந்து பார்த்தேன், வாடை இல்லை. கறையானா என்று தோண்டினேன், இல்லை. தோண்டியபோதுதான் தெரிந்தது: நாங்கள் தண்ணீரை நிறுத்திவிட்டோம், ஆனால் அங்கே மண் ஈரமாக இருந்தது.

முனியம்மா நேராக ஏழுமலையைப் பிடித்துக்கொண்டார்.

"டேய், எங்களுக்குத் தெரியாம வந்து ஊத்திக்கினு போறியா? பொயப்பக் கெடுக்கறியே!"

"இன்னா அக்கா, எனக்கு வேண்டுதலா? எங்க ஊட்ல குடிக்கவே பானை காலியா கீது. செடிக்கு ஊத்துவனா?"

"பின்ன மானத்துலேர்ந்து வந்துச்சா?"

"உன் கண்ணுலேர்ந்து வந்திருக்கும். தெனம் அழுதுக்கினுதானே கீறே!"

இருவரையும் விலக்கிவிட்டுத் திட்டுகளை வரைந்து பார்த்தேன். எல்லாமே நடைபாதையிலிருந்து ஒரு கை நீட்டினால் எட்டும் தூரத்துக்குள் இருந்தன. அதற்கு அப்பால் ஒரு செடியும் கறுக்கவில்லை. அன்று காலை ஷிப்ட் முடியும் நேரத்தில் கொட்டகைச் சுவர் ஓரம் போய் நின்றேன். சங்கு ஊதியது. ஆட்கள் வரிசையாக வெளியே வந்தார்கள். நடந்துகொண்டே, நிற்காமல், ஒவ்வொருவரும் பாட்டிலின் மூடியைத் திருகி மிச்சத் தண்ணீரைச் செடியின் மேல் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். பாட்டில் இல்லாதவர்கள் தூக்குச் சட்டியை அலசி ஊற்றினார்கள். நிழலில் தூங்கும் குழந்தைக்குப் போர்த்திவிடுவதுபோல அவ்வளவு இயல்பாகச் செய்தார்கள்.

ஃபிட்டர் தேவராஜைக் கையும் பாட்டிலுமாகப் பிடித்தேன்.

"இன்னா சார், இதுக்குப் போய் பேஜாரு பண்றீங்க? லாரித் தண்ணி சார். வரிசைல நின்னு புடிச்சது. ரோட்ல ஊத்தினா கை கூசுது. செடியும் பாவம் வாடிக்கினு கீது."

"இந்தச் செடிக்குத் தண்ணி ஆகாதுப்பா."

"தண்ணி ஆகாதா? வெறிநாய் கடிச்சவன்தான் சார் தண்ணியக் கண்டா பயப்படுவான். உங்க செடிய எந்த நாய் கடிச்சிது?"

பின்னால் வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். தண்ணீர் இல்லாத ஊரில், குடிக்கப் பிடித்த தண்ணீரை வெறுந்தரையில் கொட்ட அவர்களில் ஒருவராலும் முடியாது. ஒரு செடியின் தலையில்தான் ஊற்றுவார்கள். முற்றத்தில் அவர்கள் கைக்கு எட்டிய ஒரே செடி அதுதான். 'தண்ணீர் ஊற்றக் கூடாது' என்று பலகை எழுதி வைத்தேன். பலகைக்கு அடியில் மண் எப்போதையும்விட ஈரமாக இருந்தது.

மானேஜரிடம் போனேன். கேட்டுவிட்டு, "ஃபைன் போட்டுடலாமா?" என்றார்.

"வேண்டாம் சார். நல்லது செய்யறவங்களுக்கு ஃபைன் போட்டா நாளைக்கு வேணும்னே ஊத்துவாங்க. நடைபாதைக்கு அந்தப் பக்கம் புங்கங்கன்று வெக்க அனுமதி குடுங்க. தண்ணிய அதுக்கு ஊத்தட்டும்."

"நான் குடுத்த தாள்ல மரம் இல்லையே."

"மணல் நிக்கணும்னுதான் இருக்கு சார். ஜனங்க எங்க தண்ணி ஊத்தணும்னும் அதுல இல்ல."

அவர் கைக்குட்டையை எடுத்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "வைங்க" என்றார்.

நடைபாதையின் மறுபக்கம் குழிகள் வெட்டி, குழிக்கு ஒரு கன்று வைத்து, ஒவ்வொன்றையும் ஒரு பகுதியின் பெயருக்கு விட்டோம்: ஃபிட்டர்கள் மரம், மோட்டாருக்குக் கம்பி சுற்றுபவர்களின் வைண்டிங் மரம், பேக்கிங் மரம், கேன்டீன் மரம். அவ்வளவுதான். அடுத்த ஷிப்டிலிருந்து பாட்டில்கள் எல்லாம் வலது கையிலிருந்து இடது கைக்கு மாறின. வாரம் கழிவதற்குள் புகார்கள் வரத் தொடங்கின. "சார், வைண்டிங்காரங்க அவங்க மரத்துக்கு மோர் ஊத்தறாங்க. இது நியாயமா, கேளுங்க" என்று தேவராஜே வந்து நின்றார். கறுத்த திட்டுகளை மேல் மண்ணோடு வெட்டி எடுத்துவிட்டு, நடுமுற்றத்திலிருந்து நுனி கிள்ளி மறுபடி செருகினோம்.

கத்திரி வெயிலில் செடி சுருங்கியது. இலை மெலிந்து, தண்டு செம்பு நிறமாகி, பூவே இல்லாமல் தரையோடு ஒட்டிக்கொண்டது. மேலே இருந்து பார்த்தால் காய்ந்துவிட்டது என்றுதான் யாரும் சொல்வார்கள். சிமென்ட் காண்ட்ராக்டர் ஒருவர் வந்து முற்றத்தை அளந்துவிட்டும் போனார். முனியம்மா ஒரு குடத்தோடு வந்து நின்றார். என் வேலைக் காலத்தில் நான் பார்த்த கடினமான நிமிடம் அது.

"சார், போவுது சார். ஒரே ஒரு குடம். என் பங்கு லாரித் தண்ணி. என் பொண்ணுக்குன்னு வெச்சது."

நான் ஒரு தண்டை நகத்தால் கீறினேன். உள்ளே பச்சையாக இருந்தது. விரலில் ஈரம் ஒட்டியது. அதை அவர் விரலில் தடவினேன்.

"உள்ளே தண்ணி வெச்சிருக்கு, பாருங்க. இப்ப ஊத்தினா மேல் வேரை நம்பும். அப்புறம் ஆடி வரைக்கும் நீங்க தெனமும் ஊத்தணும். குடத்தை வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க."

அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார். அவர் பிழைப்பே அதில் இருந்தது. ஊற்றியிருந்தால் நான் தடுத்திருக்கவும் முடியாது. அந்த முற்றம் நின்றதற்கு என் படிப்பைவிட அவர் அன்று குடத்தைச் சாய்க்காமல் போனதுதான் காரணம் என்று எப்போதும் சொல்லி வந்திருக்கிறேன்.

ஜூனில் ஒரு கோடை மழை. அது வடிந்த சில நாளில், டீ வாளி வரும் நேரத்தில், கொட்டகைக்குள்ளிருந்து யாரோ கூவினார்கள். முற்றம் முழுக்கப் பூ; மார்ச்சில் பூத்தது ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. தரை என்று ஒன்று கண்ணில் படவில்லை. தேனீக்களின் இரைச்சல் பேரிங் மேஜைவரை கேட்டது.

ஆடி பிறந்தது. காற்று வழக்கத்துக்குக் குறைவில்லாமல் எழுந்தது. வெளிச் சாலையில் மணல் புகைபோலப் போனது, பக்கத்துக் காலி மனையில் பனையோலை பறந்தது. மானேஜர் கொட்டகைக்குள் வந்தார். மூன்று தினக்கூலிகளும் வெளியே ஜன்னலுக்கு அடியில் செடி கிள்ளுவதுபோல உட்கார்ந்திருந்தார்கள். கிள்ளுவதற்கு ஒன்றும் இல்லை. அவர் கைக்குட்டையை எடுத்து ஜன்னல் கட்டையில் இழுத்தார். அதைத் திருப்பி, தானே பார்த்தார். லேசாக ஒரு கோடு இருந்தது. நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. என் முன்னால் நீட்டவில்லை. நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு குனிந்து, ஜன்னல் வழியே, "முனியம்மா, காண்ட்ராக்டருக்கு இங்க வேலை இல்ல. உங்களுக்குத்தான் இருக்கு" என்றார்.

முனியம்மா எழுந்திருக்கவில்லை. "அது தெரிஞ்சதுதானே சார்" என்றார். ஏழுமலை மட்டும் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டார்.

அந்த ஆடியில் பொருத்திய மோட்டார்கள் மணலால் திரும்பி வந்ததாகக் கொட்டகை ஃபோர்மேன் என்னிடம் சொன்னதே இல்லை. மூவரும் பின்னர் நிரந்தரமானார்கள். நான் ஓய்வு பெறும்வரை முற்றத்தில் சிமென்ட் விழவில்லை. இன்றும் புங்க மரங்கள் நிற்கின்றன. நான் கடைசியாகப் பார்த்தபோது வைண்டிங் மரம்தான் பெரியது. மோர்தான் காரணம் என்று தேவராஜ் சொல்வார். என் தொழிலில் ரோஜாக் கண்காட்சிப் பரிசுகளும் உண்டு. ஆனால் என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால் தெற்கு முற்றத்தைத்தான் சொல்கிறேன்.

ஒரு விஷயம் மட்டும் தீராமல் இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் ரயில் கேட் அருகே, தண்டவாளச் சரளைக்கு இப்பால் உள்ள மணல் மேட்டில் அதே சின்னப் பத்துமணிப்பூ படர்ந்திருக்கிறது. முனியம்மாவின் குடிசை இருந்த இடத்துக்கு அது பக்கம். எங்கள் முற்றத்திலிருந்து போனதா, பழவேற்காட்டு வண்டிகளோடு தானாக வந்ததா? முனியம்மா இப்போது இல்லை. அவர் மகளைத் தேடிப் போய்க் கேட்டேன்.

"அம்மா மடியில இன்னாத்த கட்டிக்கினு வரும்னு யாரு சார் பாத்தா?" என்றார்.

ஆகவே, இது உறுதி செய்யப்படவில்லை. மேட்டில் மணல் எழுவதில்லை என்பதை மட்டும் நானே நின்று பார்த்தேன்.